அம்மாவுக்கு 76, நாய்க்கு 9: தன்னார்வலர் வருவது உதவியா, உபத்திரவமா?

கேள்வி: மேற்கு மாம்பலம் வாசகர், 24 அக்டோபர் 2025

எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் ஒரு அம்மா. 76 வயது. கணவர் இல்லை, மகன் டல்லாஸில். வீட்டில் ஒன்பது வயது லாப்ரடார், முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அவரால் அதை இழுத்துப் பிடிக்க முடியாது. அதனால் காலையும் மாலையும் தன்னார்வலர்கள் என்று இரண்டு மூன்று பேர் மாறி மாறி வந்து வெளியே கூட்டிப் போகிறார்கள். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் எழுபதுக்கு மேல் நாய் வளர்க்கக் கூடாது என்பது என் கருத்து. இப்படி ஆள் வந்து தாங்கிப் பிடிப்பதால்தான் அந்த அம்மா முடிவெடுக்காமல் தள்ளிப்போடுகிறார். நல்ல வீடாகப் பார்த்து இப்போதே கொடுத்துவிட்டால் நாய்க்கும் நல்லது, அவருக்கும் நல்லது. தீபாவளி ராத்திரி முழுக்க அது அழுது தீர்த்தது, மாடியில் யாரும் தூங்கவில்லை. நான் சொல்வதில் என்ன தப்பு?

24 அக்டோபர், இரவு

அந்த நல்ல வீடு எங்கே இருக்கிறது, முகவரி சொல்லுங்கள். நானே கொண்டுபோய் விடுகிறேன்.

ஒன்பது வயது லாப்ரடாரை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். இடுப்பு தேய ஆரம்பிக்கிற வயது அது. கேட்பவர்கள் எல்லாம் குட்டி கேட்கிறார்கள், அதிலும் "பொமரேனியன் இருக்கா" என்று கேட்கிறார்கள். காப்பகங்களில் தெருவில் அடிபட்டதும் தோல் உரிந்ததுமே இடத்தை நிறைத்திருக்கின்றன. சோபாவில் படுத்து, தயிர்சாதம் சாப்பிட்டு வளர்ந்த நாய் அங்கே போனால் முதல் வாரம் சாப்பிடாது. இரண்டாவது வாரம் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று. அந்த அம்மா 67 வயதில் கடைக்குப் போய் லாப்ரடார் குட்டி வாங்கியிருக்க மாட்டார். நான் போகிற வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். மகனோ மகளோ ஆசைப்பட்டு வாங்கியது, விசா வந்ததும் அம்மாவின் நாய் ஆகிவிடும். "ரெண்டு வருஷத்துல கூட்டிட்டுப் போயிடறேன்மா" என்ற வாக்குறுதியோடு. விசாரித்துப் பாருங்கள்.

25 அக்டோபர்

நேற்று கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன் என்று ஒருவர் சொல்கிறார். இருக்கட்டும்.

நான் யார் என்று கேட்டிருக்கிறார்கள். மந்தைவெளி, மயிலாப்பூர், சாந்தோம் பக்கம் வயதானவர்கள் வீட்டு நாய் பூனைகளுக்காக ஒரு சின்ன வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். பெயர் கிடையாது, பதிவு கிடையாது, டி-ஷர்ட் கிடையாது. கல்லூரிப் பிள்ளைகள், வீட்டிலிருந்து வேலை பார்க்கிற இரண்டு பேர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர், நான். நடத்திக்கொண்டு போவது, நகம் வெட்டுவது, உண்ணி எடுப்பது, டாக்டரிடம் கூட்டிப் போவது, மருந்து வாங்கி வருவது. அவ்வளவுதான் வேலை.

இதில் வாக்கிங் கண்ணுக்குத் தெரிகிற வேலை, அதனால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு ஒரு வீட்டின் நிலைமை தெரிவது நகத்தில்தான். நாயின் நகம் வளைந்து உள்பக்கம் திரும்பியிருந்தால் அந்த வீட்டுப் பெரியவரால் குனிய முடியவில்லை என்று அர்த்தம். காதுக்குள் உண்ணி கொத்தாக இருந்தால் கண் சரியாகத் தெரியவில்லை. பாசம் குறைந்துபோய் அப்படி ஆவதில்லை.

26 அக்டோபர்

கேள்வி கேட்டவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். விழுவது.

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் நாயைக் கயிற்றில் பிடித்து நடக்கும்போது எலும்பு முறிந்து அவசரச் சிகிச்சைக்கு வந்த கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2004-இல் சுமார் 1,670. 2017-இல் சுமார் 4,400. இரண்டரை மடங்குக்கு மேல். அதில் இடுப்பு எலும்பு முறிவு நிறைய. நம் ஊர் நடைபாதையை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை! மூடி பெயர்ந்த மழைநீர் வடிகால், எதிரே வரும் தெருநாய்க் கூட்டம், பின்னால் ஹாரன் அடிக்கிற பைக், இதோடு முப்பது கிலோ லாப்ரடார்.

ஆகவே அந்த அம்மா கயிற்றைப் பிடிக்கக் கூடாது என்பதில் நமக்குள் சண்டை இல்லை. கயிற்றை வேறு ஆள் பிடித்தால் போதுமே, நாயே போக வேண்டுமா என்பதுதான் சண்டை.

நாங்கள் செய்வது இது. இழுக்கிற வேலை முழுக்க எங்களுடையது. சாப்பாடு வைப்பது, தலை வாருவது, திட்டுவது எல்லாம் அவர்களுடையது. கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சில் மாட்டுகிற ஹார்னஸ். காலை ஏழு மணிக்குள் நடை முடிந்துவிட வேண்டும்; ஏப்ரல், மே என்றால் ஆறரைக்குள். புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடி வைத்துப் பாருங்கள், சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

26 அக்டோபர், பிற்பகல்

தீபாவளி அழுகைக்கு: ஜன்னல் இல்லாத அறை அல்லது நடுக்கூடம், ஃபேன் முழு வேகம், டிவி சத்தமாக, சாயங்காலம் ஐந்துக்குள் வெளியே போய்வந்துவிட வேண்டும். அடுத்த வருஷம் முன்கூட்டியே டாக்டரிடம் பயத்துக்கு மருந்து கேட்கலாம். நாமாகத் தூக்க மாத்திரை கொடுக்கக் கூடாது. கூட ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் பாதி அழுகை நின்றுவிடும். நீங்கள் அதே மாடியில்தானே இருக்கிறீர்கள்?

30 அக்டோபர்

மருந்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வயதானவர் வீட்டில் மருந்து டப்பா ஒரு தனி உலகம். பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை, முட்டி வலி மாத்திரை, அதற்குப் பக்கத்திலேயே நாயின் மாத்திரை.

பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். அரை மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும். நாய்க்கு இபுப்ரோஃபென் கொடுத்தால் வயிற்றில் ரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். "எனக்குக் கேட்குது, அதுக்கும் கேட்கும்னு நினைச்சேன்" என்று ஒரு மாமி சொன்னார். பாசத்தில் கொடுப்பதுதான். அதனால் புது வீட்டுக்குப் போனால் நான் முதலில் செய்கிற வேலை டப்பாவைப் பிரிப்பது. நாயின் மருந்து வேறு அலமாரி, வேறு நிறப் பை.

உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு டாக்சிசைக்ளின் நான்கு வாரம் வரை எழுதித் தருவார்கள். ஐந்தாவது நாள் நாய் எழுந்து சாப்பிடும், உடனே மாத்திரை நிற்கும். "சரியாயிடுச்சே." தன்னார்வலர் தினமும் எட்டிப் பார்ப்பதில் உள்ள பெரிய பயன் இது. மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்க்க ஒரு ஆள்.

அப்புறம் இன்சுலின். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டில் மாமிக்கும் சர்க்கரை, பொமரேனியனுக்கும் சர்க்கரை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஊசி போட்டு, ஒரே நேரத்தில் சாப்பிட்டு, இரண்டு பேரும் இனிப்புக்கு ஏங்குவார்கள். கேலி செய்யலாம், ஆனால் அந்த வீட்டில் ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. மாமிக்குப் பேனா, அதில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். நாய்க்குக் குப்பி, ஒரு மில்லிக்கு 40 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதுக்கு ஆரஞ்சு மூடி. குப்பி தீர்ந்துபோன ஒரு ராத்திரி, பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சி நாய்க்குப் போடலாமா என்று மாமி போனில் கேட்டார். கேட்டார், நல்ல வேளை. போட்டிருந்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போயிருக்கும்.

சர்க்கரை தாழ்ந்து நாய் தள்ளாடினால் ஈறில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவிவிட்டு உடனே டாக்டர். இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். மாமி அதன் மேல் பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

2 நவம்பர்

சாப்பாடு. அமெரிக்காவில் வீடு தேடி முதியவர்களுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற 'மீல்ஸ் ஆன் வீல்ஸ்' தன்னார்வலர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கொடுத்த சாப்பாட்டில் ஒரு பங்கைப் பெரியவர்கள் நாய்க்கும் பூனைக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பல ஊர்களில் பிராணிகளுக்கான உணவையும் சேர்த்தே கொண்டுபோக ஆரம்பித்தார்கள்.

இங்கேயும் அதே கதைதான், கொஞ்சம் வேறு மாதிரி. பென்ஷன் போதாத வீட்டில் தாத்தா ஒரு வேளை குறைத்துக்கொள்வார், அவர் நாய் மணிக்கு மூன்று வேளையும் உண்டு. கேட்டால் "எனக்குப் பசிக்கிறதில்லப்பா." அந்த வீட்டுக்கு மாதம் ஒரு மூட்டை நாய் உணவு வாங்கிப் போட்டால் சாப்பிடத் தொடங்குவது தாத்தா.

சைவ வீடுகளில் வேறு வேடிக்கை. டாக்டர் முட்டையும் கோழியும் கொடுக்கச் சொல்வார். வீட்டுக்குள் வரக் கூடாது. எங்கள் குழுவின் வங்கிக்காரர் தன் வீட்டில் வேகவைத்து, டப்பாவில் போட்டு, மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார். மாமிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். போகும்போது "டப்பாவை இங்க அலம்பாதேள்" என்று மட்டும் சொல்வார். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது.

வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு ஆகாது. சாம்பார் சாதம் போடுகிறவர்கள் வெங்காயத்தை யோசிப்பதே இல்லை.

3 நவம்பர்

பாட்டி வளர்க்கிற பச்சைக்கிளிக்கு உதவ முடியுமா என்று மதுரையிலிருந்து ஒருவர். ஐயா, நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-படி குற்றம். நான் ஆலோசனை சொல்லி மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. பாட்டியையும் மாட்டிவிட விரும்பவில்லை. இதோடு கிளிப் பேச்சு முடிந்தது.

8 நவம்பர்

இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சாந்தோம் பக்கம் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர். தனியாக இருக்கிறார், ஜூலி என்று ஒரு நாட்டு நாய். நெஞ்சு வலி வந்து காட்டியதில் ஆஞ்சியோ செய்ய வேண்டும், அட்மிட் ஆகுங்கள் என்றார்கள். தள்ளிப்போட்டார். டாக்டரிடம் சொன்ன காரணம், பேத்தி நிச்சயதார்த்தம். தங்கையிடம் சொன்ன காரணம், பணம் வர வேண்டும். எங்கள் குழுப் பெண் ஒருத்தி ஜூலியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோதுதான் உண்மை வந்தது: "நான் போய்ப் படுத்துட்டா இவளுக்கு யார் சோறு வைப்பா?"

பேத்தியும் இல்லை, பணமும் இல்லை. ஜூலி.

இது அவர் ஒருவர் கதை இல்லை. கண்புரை ஆபரேஷன், முட்டி ஆபரேஷன், ஊரில் நடக்கிற சொந்தக்காரர் சாவுக்குப் போவது, எல்லாம் இந்த ஒரு கேள்வியில் நின்றுபோகின்றன. வெட்கப்பட்டு வெளியே சொல்ல மாட்டார்கள். "ஒரு நாய்க்காகவா" என்று நாம் கேட்டுவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். மேலே கேள்வி கேட்டவர் அதைத்தான் கேட்டிருக்கிறார்.

இங்கிலாந்தில் சின்னமன் டிரஸ்ட் என்று ஒரு அமைப்பு. 1985-இல் அவெரில் ஜார்விஸ் என்ற அம்மையார் கார்ன்வாலில் தொடங்கியது. சின்னமன் என்பது அவர் வளர்த்த கார்கி நாயின் பெயர். முதியவர்களுக்கும், தீராத நோயில் இருப்பவர்களுக்கும் மட்டும்தான் அவர்கள் வேலை. அங்கேயும் நாயை நடத்திக்கொண்டு போகிறார்கள், அது ஒரு பங்குதான். வளர்ப்பவர் ஆஸ்பத்திரியில் இருக்கிற நாட்களில் தன்னார்வலர் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வார். வளர்ப்பவர் இறந்துவிட்டால் அந்தப் பிராணியின் மிச்ச ஆயுளுக்கும் அமைப்பே பொறுப்பு. இதை முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்கிறார்கள். படித்தபோது எனக்கு உறைத்தது, எங்கள் குழு காலை நடையோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான். டீச்சரம்மாவுக்கு வேண்டியது ஆஸ்பத்திரி ராத்திரிக்கு ஒரு பெயரும் ஒரு போன் எண்ணும்.

இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாள். யார் கூட்டிப் போவார்கள், அவர் வர முடியாவிட்டால் அடுத்து யார், எந்த டாக்டர், என்ன மருந்து, எதற்குப் பயப்படும், எங்கே தொட்டால் கடிக்கும், ராத்திரி எங்கே தூங்கும். தடுப்பூசி அட்டையின் நகல் அதோடு. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில். தாளில் பெரியவர் கையெழுத்து, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அதன் படம். பிள்ளைக்கு அனுப்பாமல் எதுவும் செய்வதில்லை. பின்னால் "எங்க அம்மா நாயை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்" என்ற பேச்சு வரக் கூடாது.

டீச்சரம்மாவுக்கு ஆஞ்சியோ முடிந்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு வந்துவிட்டார். ஜூலி எங்கள் பெண் வீட்டில் இருந்த நாட்களில் ஒரு செருப்பு ஜோடியும் ஒரு செமஸ்டர் நோட்டும் காலி.

9 நவம்பர்

"எவ்வளவு வாங்குகிறீர்கள்?" காபி. சில வீடுகளில் கூடவே முறுக்கு.

11 நவம்பர்

மேலே உள்ள பதிலை யோசித்துப் பார்த்தேன். காசு வாங்காதது பெரிய குணம் என்கிற தொனி அதில் வந்துவிட்டது. அப்படி இல்லை. பணம் இருக்கிற வீட்டில் சம்பளத்துக்கு ஆள் வைப்பதுதான் நல்லது. சம்பள ஆள் பரீட்சை வந்தால் காணாமல் போக மாட்டார். எங்கள் பிள்ளைகள் போவார்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் குழுவில் "அண்ணா, செமஸ்டர்" என்று ஒவ்வொருவராகச் செய்தி வரும், அப்புறம் நானும் வங்கிக்காரரும் மூச்சு வாங்க ஓடுவோம். பிள்ளை டாலரில் சம்பாதிக்கிற வீட்டில் நாயை நடத்திக்கொண்டு போவதற்கு ஆள் போட்டு, பென்ஷனில் ஓடுகிற வீட்டுக்குத் தன்னார்வலரை அனுப்புவதே சரியான பங்கீடு. இதைக் குழுவில் சொன்னபோது கொஞ்சம் முணுமுணுப்பு. சொல்லிவிட்டேன்.

சம்பள ஆள் செய்யாத வேலை ஒன்று உண்டு: மாத்திரையை எண்ணுவது, நகத்தைப் பார்ப்பது, பெரியவர் இன்று சாப்பிட்டாரா என்று பார்ப்பது. அதற்கு வாரம் ஒரு முறை போனாலே போதும்.

19 நவம்பர்

சென்னைக்காரர்களுக்கு. வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் ஆகிவிட்டன, இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சு. வயதானவர்கள் பயந்துபோய் இருக்கிறார்கள். விண்ணப்பம் ஆன்லைனில். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும், அடையாள அட்டை வேண்டும், நாயின் படம் வேண்டும். கறுப்பு நாயைச் சோடியம் விளக்கில் படம் எடுத்து அனுப்பிய தாத்தாவின் படத்தில் இரண்டு கண்கள் மட்டும் இருந்தன.

இன்னும் பெரிய சிக்கல்: பல வீடுகளில் அம்மாவின் பெயரில் உள்ள எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்கிற போன் எண் பிள்ளையுடையது. ஓ.டி.பி. போவது சிட்னிக்கு. அங்கே ராத்திரி.

மொபைலும் ஸ்கேனரும் தெரிந்த ஒரு பிள்ளை நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு தெருவையே முடித்துவிடலாம். நடைக்கு வர நேரம் இல்லாதவர்கள் இதைச் செய்யுங்கள். நாயைத் தொடவே வேண்டாம்.

சட்டம் என்று பேச்சு வந்ததால் ஒன்று. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி காரணமில்லாமல் கைவிடுவது குற்றம், மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11. முதல் முறை செய்தால் அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. உரிமம் எடுக்காத பாட்டிக்கு ஐயாயிரம், நாயைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டுப் போகிறவனுக்கு ஐம்பது.

24 நவம்பர்

டாக்டரிடம் கூட்டிப் போவது பற்றிக் கேட்டவருக்கு. எங்களுக்கு வேப்பேரிதான், சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1903-இல் தொடங்கிய கல்லூரி. காலையிலேயே போய் சீட்டு வாங்கிவிட வேண்டும். வயதானவரை அந்த வரிசையில் நிற்க வைக்க முடியாது, நாயைத் தன்னார்வலர் கொண்டுபோய், டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வீட்டுக்கு வீடியோ கால் போட வேண்டும். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, மலம் எப்படி என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டில்தான் இருக்கிறார். கால் போடாமல் போன பிள்ளைகள் "தெரியல சார்" என்று விழிப்பார்கள்.

ஆட்டோ: ஏறும்போதே பழைய போர்வையை விரித்துக் காட்டினால் பாதி ஆட்டோக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். மீதிப் பேருக்கு முப்பது ரூபாய் அதிகம்.

3 டிசம்பர்

டிட்வா புயல் மழை. தெரு முழுக்கத் தண்ணீர். நாய்கள் பால்கனியில் போக மறுத்து மூன்று வேளையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. குழுவில் யாரோ தொட்டியில் மண் போட்டு வைத்துப் பார்க்கச் சொன்னார்கள், ஒரு நாய் அதில் படுத்துத் தூங்கிவிட்டதாம். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், நாய்க்கும் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரும், நமக்கும் வரும். நடத்திவிட்டு வந்தால் இரண்டு பேரும் கால் கழுவுங்கள்.

இதே வாரத்தில் ஒரு குடியிருப்பில் நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று பலகை. மூட்டு தேய்ந்த நாய், மூன்றாவது மாடி, எண்பது வயது தாத்தா. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது: சங்கங்கள் செல்லப்பிராணியைத் தடை செய்ய முடியாது, லிஃப்ட் கூடாது என்றும் சொல்ல முடியாது. அச்செடுத்துச் செயலாளரிடம் கொடுத்தோம். கூடவே நாங்களே அள்ளிப் போடுவோம், கூட்ட நேரத்தில் ஏற்ற மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். பலகை போய்விட்டது. முதல் தாளைவிட இரண்டாவது தாளுக்குத்தான் வேலை நடந்தது என்று நினைக்கிறேன்.

14 டிசம்பர்

யாரும் கேட்காத ஒன்று.

மந்தைவெளியில் ஒரு மாமி வீட்டு நாய், எங்கள் குழுப் பையன் பைக் தெருமுனையில் திரும்பும்போதே குதிக்க ஆரம்பித்துவிடும். அவன் போன பிறகு அரை மணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். மாமி கூப்பிட்டால் காது மட்டும் ஆடும். கொஞ்ச நாளில் மாமி அவனிடம் சிடுசிடுக்க ஆரம்பித்தார். லேட் என்றார், செருப்போடு வந்தான் என்றார், கடைசியில் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வங்கிக்காரரிடம் சொல்லிவிட்டார். பையன் நொந்துபோனான். என்ன தப்பு செய்தேன் அண்ணா?

ஒன்றும் செய்யவில்லை. நாய்க்கு நாளில் கிடைக்கிற சந்தோஷம் எல்லாம் அவன் கையால் கிடைத்தது. வெளியே போவது அவனோடு, பிஸ்கட் அவன் பையிலிருந்து. மாமிக்கு மிஞ்சியது மருந்தும் அதட்டலும். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் கசக்கும்.

இப்போது வழக்கத்தை மாற்றியிருக்கிறோம். தன்னார்வலர் பையில் தின்பண்டம் கிடையாது. நடந்து திரும்பியதும் மாமி கையால்தான் பிஸ்கட். ஹார்னஸ் மாட்டிவிடுவது மாமி, உட்கார்ந்தபடியே மாட்டலாம். முடிந்த அன்று மாமியும் கேட் வரைக்கும் வருவார். பையன் திரும்பப் போகிறான். மாமி அவனை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை, ஆனால் கேசரி கொடுத்தனுப்பினார்.

புதிதாக வருகிற பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். அது உங்கள் நாய் இல்லை.

15 டிசம்பர்

தன்னார்வலரை நாய் கடித்தால்? சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். தெரிந்த நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானே என்று வீட்டிலேயே முடிவெடுக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் வெறிநோய் ஊசி இலவசம். தோலில் போடுகிற முறையில் முதல் நாளோடு சேர்த்து 0, 3, 7, 28 என்று நான்கு தடவை. தொடர்ந்து நாய்களோடு பழகுகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், எங்கள் குழுவில் எல்லோரும் போட்டிருக்கிறோம். ஊசிக்குப் பயந்து ஒருவர் மட்டும் மூன்று மாதம் இழுத்தார். நாய்க்கு அவர்தான் ஊசி போடுவார்!

28 டிசம்பர்

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். விசாரித்தாராம், நாய் மகன் வாங்கியதுதானாம். ஆனாலும் கருத்து மாறவில்லை, எழுபதுக்கு மேல் கூடாது என்பது கூடாதுதான் என்கிறார்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். 72 வயதில் லாப்ரடார் குட்டி வேண்டாம். ஒரு குட்டி பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் இருக்கும், முதல் இரண்டு வருஷம் வீட்டைத் தலைகீழாக்கும், அந்த வயதில் அது தொல்லைதான். அப்பா தனியாக இருக்கிறார் என்று குட்டியை வாங்கிப் பரிசாகக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிற பிள்ளைகளை எனக்கும் பிடிக்காது. துணை வேண்டும் என்றால் எட்டு வயது, ஒன்பது வயது நாயாகப் பாருங்கள், சின்ன உடம்பு, சாந்தமானது. வளர்த்தவர் இறந்து அநாதையான நாய்கள் இருக்கின்றன, அவற்றுக்கு மெதுவாக நடக்கிற வீடுதான் தோதுப்படும். இப்படி இரண்டு வீட்டில் சேர்த்துவைத்திருக்கிறோம், ஒன்று நன்றாகப் போகிறது, இன்னொன்றில் தாத்தாவும் நாயும் டிவி முன்னால் ஒரே நாற்காலிக்குச் சண்டை.

ஆனால் இருக்கிற நாயைப் பிரிப்பது வேறு கணக்கு. அதற்கு என் பதில் அப்படியேதான் இருக்கிறது.

29 டிசம்பர்

மகனுக்கு நீங்கள் எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுங்கள். நாயை என்ன செய்யப் போகிறீர்கள் என்று தொடங்கினால் பதில் வராது. அம்மா திடீரென்று அட்மிட் ஆனால் ராத்திரி நாயை யார் எடுப்பது, யாரிடம் சாவி, செலவுக்கு யார் பணம் அனுப்புவது, இந்த மூன்றையும் கேளுங்கள். மகன் சொன்ன பெயரை அந்த அம்மாவிடம் காட்டி அவர் சரி என்றால் தாளில் எழுதுங்கள். அவர் சொல்கிற பெயர் வேறாக இருந்தால் அவர் சொன்னதே எழுதப்பட வேண்டும். தாளின் மாதிரி கேட்டவர்களுக்கு இன்று ராத்திரி அனுப்புகிறேன். நாளைக்கு வேப்பேரி இருக்கிறது.